கடைசி அளவையே நீட்டு

அலுவலகத்தில் அவளை ஆப்ஷன் என்றுதான் கூப்பிடுவார்கள். அம்மா அப்பா ஆசையாக வைத்த பெயர் வருகைப் பதிவேட்டோடு சரி. ஒருநாள் டீ சொல்லப் போனவரை வாசலிலேயே நிறுத்தி, யாருக்குச் சர்க்கரை எவ்வளவு, யாருக்குப் பெரிய கோப்பை, யாருக்கு ஆறினால் பிடிக்காது என்று துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தாள். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர் அது. அவளுக்கு இதில் வருத்தம் கிடையாது. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமை என்றுகூடச் சொல்லலாம். ஆளுக்கொரு விருப்பம் இருக்கும், கேட்டுக் கொடுத்தால் நாம் என்ன தேய்ந்தா போய்விடுவோம் என்பது அவள் கட்சி.

சைக்கிள் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் நான்கு மேசைகள் போட்ட அறை அது. ஜன்னலைத் திறந்தால் டயர் வாசனை வரும், மூடினால் காற்று வராது. அங்கே உட்கார்ந்து அவர்கள் உருவாக்கியது ஒரு வரைபட லைப்ரரி. எண்களைக் கொடுத்தால் அவற்றைக் கோடாகவோ புள்ளியாகவோ திரையில் வரைந்து காட்டும் நிரல்களின் தொகுப்பு. கோடு, புள்ளி, கீழே ஓடும் அச்சு, மேலே நிற்கும் தலைப்பு, ஓரத்தில் 'நீலம் இது, சிவப்பு அது' என்று சொல்கிற சின்னப் பெட்டி, இவை எல்லாவற்றுக்கும் அவர்கள் பேச்சில் 'பொருள்' என்று பொதுப்பெயர்.

இந்தப் பொருள்களை ஐந்து வருடத்தில் ஐந்து பேர் எழுதியிருந்தார்கள். ஐந்து பேரும் கெட்டிக்காரர்கள், ஆனால் ஒருவர் செய்ததை அடுத்தவர் எட்டிப் பார்க்கவில்லை. கோட்டின் நிறத்தை மாற்ற 'நிறம்' என்று சொல்ல வேண்டும். அச்சுக்கு 'வண்ணம்'. ஓரப் பெட்டிக்கு 'பூச்சு'. தலைப்பின் நிறத்தை மாற்ற வழியே இல்லை, அதை எழுதியவருக்குக் கறுப்புதான் பிடிக்குமாம். லைப்ரரியைப் பயன்படுத்தியவர்கள் வாயில் வந்ததை எல்லாம் எழுதி அனுப்பினார்கள். அதில் பாதியை முதலாளி பெண்கள் முன்னால் படிக்க மாட்டேன் என்று மடித்து வைத்துவிட்டார்.

"என்கிட்ட மூணு மாசம் குடுங்க. எல்லாப் பொருளுக்கும் ஒரே கிளாஸ் எழுதித் தரேன்" என்றாள் ஆப்ஷன்.

கிளாஸ் என்றால் பொம்மை வார்க்கிற அச்சு மாதிரி ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். கோடும் தலைப்பும் அந்த ஒரே அச்சிலிருந்துதான் வார்த்தெடுக்கப்படும். ஆகவே அச்சில் ஒருமுறை 'நிறம்' என்று பெயர் வைத்துவிட்டால், அதிலிருந்து பிறக்கிற எதற்கும் நிறம் நிறம்தான். அது மட்டும் போதாது என்று இன்னொரு விதியும் வைத்தாள். ஒரு பொருளுக்கு நாம் எதையும் சொல்லாமல் விட்டால், அது தனக்கு மேலே இருப்பதைக் கேட்கும். கோடு தான் இருக்கும் கட்டத்தைக் கேட்கும், கட்டம் முழு வரைபடத்தைக் கேட்கும். வீட்டில் பெரியவர்கள் என்ன சாப்பிடுகிறார்களோ அதுதான் பிள்ளைக்கும். எனக்கு வேறு வேண்டும் என்று வாய்திறந்து கேட்கிற பிள்ளைக்கு மட்டும் வேறு.

சும்மா சொல்லக்கூடாது, அழகான வேலை. முதல் மாதம் ஒரு கோட்டுக்குப் பச்சை கொடுத்தால் ஒன்பது கோடும் பச்சையானது. எல்லாப் பொருளும் ஒரே பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டிருந்தன. ஆளுக்கொரு பிரதி எடுத்துக் கொடுக்க அவள் மறந்திருந்தாள். அடுத்த மேசைக்காரன் அதைக் கண்டுபிடித்து, சிரித்துச் சிரித்து நாற்காலியிலிருந்து விழப் பார்த்தான். குறை கண்டுபிடிப்பதே அவன் உத்தியோகம், பெயர் சல்லடை. மூன்றாவது மாதம் முடியும்போது சல்லடையாலேயே ஒன்றும் சலித்தெடுக்க முடியவில்லை. அறுபத்துநான்கு விருப்பங்கள், எதை வேண்டுமானாலும் மாற்றலாம். "மாத்த முடியாததுன்னு ஒண்ணுகூட இல்ல" என்று முதலாளியிடம் காட்டியபோது அவள் குரலில் இருந்த மிதப்பைக் கீழே சைக்கிள் கடைக்காரர்கூடக் கேட்டிருப்பார்.

இந்தப் புது லைப்ரரியை முதலில் எடுத்துக்கொண்டது நீரேற்று நிலையம். அதற்குக் காரணம் அவளுடைய அண்ணன்.

அண்ணன் அங்கே கட்டுப்பாட்டு அறையில் இருபத்திரண்டு வருடமாக ஷிப்ட் பார்க்கிறான். ஆற்றிலிருந்து வரும் தண்ணீரைச் சுத்தம் செய்து, குளோரின் கலந்து, ஊருக்கு அனுப்புகிற இடம். தண்ணீரில் குளோரின் எவ்வளவு, எவ்வளவு வேகத்தில் தண்ணீர் போகிறது, குழாயில் அழுத்தம் எவ்வளவு என்று மூன்று கோடுகள் அவன் எதிரே திரையில் ஓடும். பழைய திரை கண்ணைக் குத்துகிறது என்று மேலதிகாரிகளை நச்சரித்து, தங்கச்சியின் லைப்ரரியைக் கொண்டுவந்தது அவன்தான். வந்த பிறகு அவன் அடித்த தம்பட்டம் கொஞ்சநஞ்சமல்ல. "இந்தக் கோடு எங்க வீட்டுக் கோடு" என்று ஷிப்ட் மாற்ற வருகிறவர்களிடம் எல்லாம் சொல்வானாம்.

அமைப்புக் கோப்பையும் தானே எழுதக் கற்றுக்கொண்டான். எந்தக் கோட்டுக்கு என்ன நிறம், எவ்வளவு தடிமன் என்று வரிவரியாக இருக்கும் கோப்பு. அதில் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஒரு குறிப்புப் போடுவான். தேதி, யார் கேட்டது, எதற்காக. 'இரவு ஷிப்ட்காரர் கேட்டார், மஞ்சள் தெரியவில்லையாம்.' இருபத்திரண்டு வருடம் பதிவேடு எழுதிய கை, சும்மா இருக்குமா.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஆப்ஷன் மொட்டை மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"ஏம்மா, தண்ணி போற வேகத்துக்கு ஒரு கோடு இருக்குல்ல, அது துண்டு துண்டா வருது. அந்த மீட்டர் பழசு, பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவைதான் அளவு குடுக்கும். பாக்கப் பாக்கக் கண்ணு வலிக்குது."

"அதுக்கு ஒரு விருப்பம் இருக்குண்ணா. 'விடுபட்டால்'னு போட்டு, 'கடைசி அளவையே நீட்டு'ன்னு குடு. புது அளவு வர்ற வரைக்கும் பழைய அளவையே கோடா இழுத்துக்கிட்டுப் போகும்."

"எங்க போடணும்? அந்தக் கோட்டுக்குக் கீழயா?"

வாயில் துணிக் கிளிப் இருந்தது, கையில் ஈரப் போர்வை. கோப்பில் சரியான இடத்தைப் போனில் சொல்லிப் புரியவைக்கக் கால் மணி நேரம் ஆகும்.

"மேலயே போட்டுடுண்ணா. எல்லாத்துக்கும் சேத்து ஒரே வரில முடிஞ்சிடும்."

அண்ணன் அப்படியே செய்தான். அடுத்த நிமிடம் "சூப்பர், சூப்பர்" என்று செய்தி அனுப்பினான். அவளும் போர்வையைப் பிழிந்து போட்டுவிட்டுக் கீழே இறங்கிப் போனாள்.

ஆறு வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை, அலுவலகத்துக்கு அண்ணி போன் செய்தாள். அண்ணி வேலை நேரத்தில் கூப்பிடுகிற ஆளில்லை.

"உங்க அண்ணனை வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. வெள்ளிக்கிழமை விசாரணையாம். கேட்டா வாயே திறக்க மாட்டேங்கறாரு, சட்டையைக்கூட மாத்தாம உக்காந்திருக்காரு."

நடந்தது இதுதான். திங்கள் காலை ஒன்பது பத்துக்கு, நிலையத்தில் குளோரின் கலக்கிற சின்ன பம்புக்கும் குளோரினை அளக்கிற மீட்டருக்கும் பொதுவாக இருந்த மின் இணைப்பு அறுந்துவிட்டது. பம்பு நின்றது. அதைக் காட்டிக்கொடுக்க வேண்டிய மீட்டரும் கூடவே செத்தது. நாற்பது நிமிடம் வெறும் தண்ணீர் போனது. நல்ல வேளையாக அடுத்த தொட்டியருகே வேலையில் இருந்தவர் சோதித்துப் பார்த்து, ஊருக்குள் போகும் வால்வை அடைத்துவிட்டார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த நாற்பது நிமிடமும் கட்டுப்பாட்டு அறைப் பொறுப்பில் இருந்த அண்ணன் கவனிக்கவில்லை. தண்ணீர் விஷயத்தில் இரண்டாவது வாய்ப்பு கிடையாது. தவறு அண்ணனுடையது என்று முடிவானால் வெள்ளிக்கிழமையோடு வேலை போய்விடும்.

அன்று மதியமே நீரேற்று நிலையத்திலிருந்து முதலாளிக்கு ஒரு கடிதம் வந்தது. கூடவே அண்ணனுடைய அமைப்புக் கோப்பு. இது உங்கள் லைப்ரரிக்கான கோப்புதானா, உறுதிசெய்யவும் என்று இரண்டே வரி. ஆப்ஷன் அதைத் திறந்து பார்த்தாள். முப்பத்தோரு வரிகள். முப்பது வரிகளுக்குப் பக்கத்தில் தேதியும் குறிப்பும் இருந்தன. ஒரே ஒரு வரி மொட்டையாக இருந்தது, எல்லாவற்றுக்கும் மேலே.

விடுபட்டால்: கடைசி அளவையே நீட்டு.

அவளுக்கு மொட்டை மாடியும் ஈரப் போர்வையும் கண் முன்னால் வந்தன. மேலே போட்டது கீழே எல்லாவற்றுக்கும் இறங்கும், அதுதானே அவள் வைத்த விதி. மீட்டர் செத்த பிறகும் அவளுடைய கிளாஸ் ஒன்பது பத்தின் அளவையே நாற்பது நிமிடம் இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. நேரான, அழகான, நீலக் கோடு. எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்து அண்ணனைக் கூப்பிட்டாள்.

"அந்த வரி பக்கத்துல குறிப்பு எங்கண்ணா?"

"எந்த வரி?"

"நடிக்காத. உனக்குச் சின்ன வயசுலயே பொய் சொல்ல வராது. 'தங்கச்சி சொன்னது'ன்னு எழுதியிருந்திருப்ப. கோப்பு கேட்டாங்கன்னதும் அழிச்சிட்டு அனுப்பியிருக்க."



"அது நானாப் போட்டது. நீ இதுல தலையிடாத. உங்க கம்பெனி இப்பதான் நாலு இடத்துல நிக்குது. எனக்கு இருபத்திரண்டு வருஷம் ஆயிடுச்சு, நான் எதையாவது பாத்துக்குவேன்."

வைத்துவிட்டான். அவளுக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. தங்கச்சி எவ்வளவு வளர்ந்து என்ன, இன்னும் சறுக்குமரத்திலிருந்து விழுகிற குழந்தை என்றே அவனுக்கு நினைப்பு.

முதலாளி விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். "நீ போய் நம்ம மேலதான் தப்புன்னு சொன்னா, இன்னும் பதினோரு நிலையம் வரிசைல நிக்குது, ஒண்ணுகூட எட்டிப் பாக்காது. கோப்புல போட்டது அவங்க ஆளு. நாம குடுத்தது விருப்பம். எடுத்துக்கிட்டது அவங்க."

"மேல போட்டா எல்லாத்துக்கும் இறங்கும்னு எழுதினது நானு சார். நிறம் இறங்கலாம். இது இறங்கியிருக்கக் கூடாது. அதை யோசிக்காம விட்டது என் வேலைல இருக்கற ஓட்டை. முழுப் பூசணிக்காயை எந்தச் சோத்துல மறைக்கறது?"

"அப்ப என்ன பண்ணப்போற?"

"வெறுங்கையோட போக மாட்டேன். திருத்தி எடுத்துட்டுப் போறேன். ரெண்டு நாள் இருக்கு, போதும்."

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்கிறவளிடம் வாதாடிப் பயனில்லை என்று முதலாளிக்குத் தெரியும். "வெள்ளிக்கிழமை நான் ஊர்ல இல்லைன்னு வச்சுக்க" என்று மட்டும் சொன்னார். அவரால் கொடுக்க முடிந்த அனுமதி அவ்வளவுதான்.

புதன்கிழமை காலை அறுபத்துநான்கு விருப்பங்களையும் பலகையில் எழுதிப் போட்டாள். ஒவ்வொன்றாகக் கேட்டாள்: இது பார்வைக்கா, அர்த்தத்துக்கா? நிறம், தடிமன், எழுத்தின் அளவு எல்லாம் பார்வை. அவை மேலிருந்து தாராளமாக இறங்கட்டும். 'விடுபட்டால்' பார்வை அல்ல. அது அளவே இல்லாத நேரத்தில் என்ன சொல்வது என்பது. அதை மேலிருந்து இறங்க விடக்கூடாது. ஒவ்வொரு கோடும் தனக்கு வேண்டும் என்று தன் வாயால் கேட்டாக வேண்டும். கேட்காவிட்டால், அளவு நின்ற இடத்தில் கோடும் நிற்கும்.

எண்ணிப் பார்த்தால் இப்படி ஏழு தேறின. இன்னொன்றும் செய்தாள். நீட்டிக் காட்டுகிற பகுதி இனிமேல் முழுக் கோடாக வராது, புள்ளி புள்ளியாகத்தான் வரும். அதை மாற்ற வழி கிடையாது. மாற்ற முடியாதது ஒன்றுகூட இல்லை என்று மார்தட்டியவள்தான், தன் கையாலேயே அப்படி ஒன்றை எழுதினாள். எழுதும்போது கைகூசவில்லை. இத்தனை நாள் இது இல்லாமல் இந்தக் கிளாஸ் நொண்டிக்கொண்டிருந்தது என்றே தோன்றியது.

"மாத்த முடியாதுன்னு சொல்ற. பாக்கலாமா?" என்று சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தான் சல்லடை.

தடிமனைக் கூட்டினான், குறைத்தான், நிறத்தை மாற்றினான். வியாழன் மதியம் வரை ஒன்றும் நடக்கவில்லை. பிறகு, புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவே எவ்வளவு இடம் என்ற விருப்பத்தில் பூஜ்ஜியம் என்று கொடுத்தான். புள்ளிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, பழையபடி நேரான, அழகான கோடாகிவிட்டன.

"ஆப்ஷன், இங்க வா. உன் ஆளு திரும்பி வந்துட்டான்."

அவள் பார்த்தாள். முதல் மாதம் போல அவன் சிரிக்கவில்லை, அவளும் கோபப்படவில்லை. "நல்ல வேளை நீ பாத்த" என்று சொல்லிவிட்டு, நீட்டிய பகுதிக்கு அந்த இடைவெளியையும் பூட்டினாள். சாயங்காலம் சைக்கிள் கடை ஷட்டர் இறங்கும்போது சல்லடை கையை விரித்துவிட்டான். திங்கள் காலையின் எண்களை நிலையத்திலிருந்து கேட்டு வாங்கி, பழைய கிளாஸில் ஒருமுறையும் புதியதில் ஒருமுறையும் வரைந்து இரண்டு தாளில் அச்சடித்துக்கொண்டாள்.

விசாரணை அறையில் ஒரு நீளமான மேசை, நடுவில் ஒரு கூஜா தண்ணீர், கவிழ்த்து வைத்த கண்ணாடித் தம்ளர்கள். அன்றைக்கு அதை யாரும் தொடவில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் தலைமைப் பொறியாளர் இருந்தார். நரைத்த தலை, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் மூக்குக்கண்ணாடி, குரலை உயர்த்திப் பழக்கமில்லாத அம்மாள். இந்தப் பக்கம் அண்ணன், சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையில். கம்பெனி ஆள் என்று வாசலில் சொல்லி உள்ளே வந்து, சுவரோர நாற்காலியில் உட்கார்ந்திருந்த தங்கச்சியைப் பார்த்ததும் அவன் முகம் சுருங்கியது.

தலைமைப் பொறியாளர் பதிவேட்டைத் திருப்பி வைத்தார். குளோரின் மீட்டரை மட்டும் நம்பக்கூடாது என்று நிலையத்தில் விதி உண்டு. அரை மணிக்கு ஒருமுறை சீசாவில் தண்ணீர் பிடித்து, மருந்து போட்டு, குளோரின் இருந்தால் வருகிற இளஞ்சிவப்பு வருகிறதா என்று பார்த்து எழுத வேண்டும்.

"ஒன்பது மணிக்கு எழுதியிருக்கீங்க. பத்து மணிக்கு எழுதியிருக்கீங்க. ஒன்பதரை கட்டம் காலியா இருக்கே?"

"ஆமாம்மா. அந்த நேரம் நான் சீசா எடுக்கல. மூணாவது பம்புல சத்தம் மாறுச்சு, அங்க போயிட்டேன். திரையைப் பாத்தேன், கோடு நேராத்தான் போயிட்டிருந்துச்சு."

"மீட்டர் நின்ன பிறகும் கோடு எப்படிப் போச்சு? கோப்புல மேல இருக்கற அந்த வரியாலதானே? அதைப் போட்டது யாரு?"

"நான்தாம்மா."

"நான் சொல்லித்தான் போட்டாரு" என்று சுவரோரத்திலிருந்து குரல் வந்தது.

"இல்லம்மா, அவளுக்கு ஒண்ணும் தெரியாது, நானாத்தான்…"

"தேதிகூடச் சொல்றேன். ஞாயித்துக்கிழமை காலைல, போன்ல."

தலைமைப் பொறியாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "நானும் எத்தனையோ வருஷமா இந்த ரூம்ல விசாரணை நடத்துறேன். நான் இல்ல, நான் இல்லன்னுதான் எல்லாரும் அடிச்சுக்குவாங்க. நான்தான் நான்தான்னு போட்டி போட்டு இன்னைக்குத்தான் பாக்குறேன். நீங்க யாரு?"

"அந்தக் கோட்டை வரையற கிளாஸை எழுதினது நான்தாம்மா. இவரு எங்க அண்ணன். அந்த வரியைப் போட்டது அவரு கை, சொன்னது என் வாய். மேல போட்டா எல்லாக் கோட்டுக்கும் இறங்கற மாதிரி பண்ணினதும் நான்தான்."

எழுந்து வந்து இரண்டு தாளையும் மேசையில் விரித்தாள். இரண்டு நாளாக மூக்கு முட்டப் பார்த்த கோடுகள், கண்ணை மூடிக்கொண்டுகூட விளக்குவாள். முதல் தாளில் குளோரின் கோடு ஒன்பது பத்திலிருந்து ஒன்பது ஐம்பது வரை நூல் பிடித்ததுபோல் போயிற்று. இரண்டாவது தாளில் அது ஒன்பது பத்தில் நின்றது. அதற்கப்பால் நாற்பது நிமிடம் வெறும் வெள்ளை. தண்ணீர் போகும் வேகம் மட்டும், பழைய மீட்டர் சும்மா இருந்த இடங்களில், புள்ளி புள்ளியாகத் தெரிந்தது.

"ரெண்டும் ஒரே நாள், ஒரே எண்கள்" என்றாள். "ஒன்பதரைக்கு என்ன அளவுன்னு எங்க அண்ணனுக்குத் தெரியாது. தெரியாதுன்னு கட்டத்தைக் காலியா விட்டாரு. பத்து மணிக்கு வந்து நல்லா இருந்துச்சுன்னு ஏதோ ஒண்ணை எழுதியிருக்கலாம், எழுதல. என் கிளாஸுக்கும் தெரியாது. ஆனா அது தெரிஞ்ச மாதிரி கோடு போட்டுச்சு. இந்த ரெண்டுல வேலையை விட்டு அனுப்ப வேண்டியது எதுன்னு நீங்களே சொல்லுங்கம்மா."

தலைமைப் பொறியாளர் இரண்டாவது தாளின் வெள்ளைப் பகுதியில் விரலை வைத்து, இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நகர்த்திப் பார்த்தார்.

"நாளைக்கு வேற யாராவது போன் பண்ணி, கண்ணு வலிக்குது, சேத்துக் குடுங்கன்னு கேட்டா?"

"புள்ளியாத்தான் தருவேன். அதுவும் கேக்கற ஒரு கோட்டுக்கு மட்டும்."

"உங்க அண்ணனே கேட்டா?"

"அவரு கேட்டாலும் வழி இல்லம்மா. முழுக் கோடா மாத்தற விருப்பத்தையே எடுத்துட்டேன். எனக்கே வேணும்னாலும் இனிமே முடியாது."

அம்மாள் முதல்முறையாகக் கொஞ்சம் சிரித்தார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத ஆரம்பித்தார். எழுதியதைப் படித்துக் காட்டினார். பழைய கிளாஸ் இன்றே திரையிலிருந்து எடுக்கப்பட வேண்டும், புதியது ஒரு மாதம் சோதனையில் இருக்க வேண்டும். பம்புக்கும் மீட்டருக்கும் மின் இணைப்பைப் பிரிக்க வேண்டும், அது நிலையத்தின் தவறு. ஒன்பதரை சோதனையைத் தவறவிட்டதற்கு அண்ணனுக்கு எழுத்துமூலம் ஒரு எச்சரிக்கை. நாளைக் காலை ஷிப்டுக்கு வரலாம்.

வெளியே வராந்தாவில் அண்ணன் முன்னால் நடந்தான். படிக்கட்டுக்குப் பக்கத்தில் நின்று திரும்பினான்.

"உன்னை யாரு வரச் சொன்னா?"

"குறிப்பை அழிச்சுட்டு அனுப்புன்னு உன்னை யாரு சொன்னா?"

"நான் உன்னைக் காப்பாத்தப் பாத்தேன்."

"நானும் அதைத்தான் பாத்தேன். உன்னைவிட எனக்கு நல்லா வந்துச்சு, அவ்வளவுதான்."

அவன் சிரிக்கவில்லை. கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு கீழே தொட்டிகளைப் பார்த்தான். மூடியில்லாத தொட்டிகளில் தண்ணீர் அசையாமல் கிடந்தது. பேசியபோது குரல் இறங்கியிருந்தது.

"உள்ள ஒண்ணு சொல்லல. பம்பு சத்தம் மாறினது நெசம். ஆனா அதுக்கு முன்னாடி சீசா என் கைல இருந்துச்சு. பழைய திரையா இருந்தா சீசாவை எடுத்துட்டுப் போய்ப் பாத்திருப்பேன், அந்தத் திரையை நான் எப்பவும் நம்பினது இல்ல. இது உன் கோடு. நீ தப்புப் பண்ணுவேன்னு எனக்குத் தோணவே இல்ல. அதனாலதான் சீசாவைக் கீழ வச்சேன்."

உள்ளே அத்தனை பேர் முன்னால் வராத அழுகை ஆப்ஷனுக்கு இப்போது வந்துவிட்டது. வந்ததை அவள் மறைக்கவும் இல்லை. அறுபத்துநான்கு விருப்பங்களையும் பலகையில் எழுதிப் பார்த்தவளுக்கு இது மட்டும் கணக்கில் வரவேயில்லை. புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவன் பக்கம் திரும்பினாள்.

"பண்ணுவேன்ணா. இன்னும்கூடப் பண்ணுவேன். இனிமே உனக்குத் தோணட்டும்."

அண்ணன் கைப்பிடிச் சுவரிலிருந்து நிமிர்ந்தான்.

"தோணும்" என்றான்.